மூச்சைக் கவனித்தால் படபடப்பு வருகிறது: தியானத்தைத் தொடரலாமா?

#1 நொய்யல்

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். தூக்கம் சரியில்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன் என்று சொன்னதும் தோழி ஒருத்தி கைப்பேசியில் மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தைக் கவனிக்கும் தியானம்) செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் எழுவதற்கு முன் பத்து நிமிடம் உட்காருவேன். நன்றாகத்தான் இருந்தது. மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே கத்துகிற பழக்கம் குறைந்தது.

ஆசை யாரை விட்டது? இணையக் குழு ஒன்றில் சேர்ந்து முக்கால் மணி நேரமாக ஆக்கிவிட்டேன். இப்போது கண்ணை மூடி மூச்சில் கவனத்தை வைத்தால் நெஞ்சு இறுகுகிறது. மூச்சு தானாக ஓடுவதில்லை, நானே இழுத்து விட்டால்தான் உண்டு என்று ஆகிவிடுகிறது. விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. போன வாரம் அலுவலகத்தில் விலைப்பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பேனா பிடித்திருந்த கை என்னுடையது இல்லை என்று ஒரு கணம் தோன்றி உடம்பே சில்லிட்டுவிட்டது.

குழுவில் கேட்டால், "உள்ளே கிடந்த அழுக்கு வெளியே வருகிறது, விட்டுவிடாதீர்கள்" என்கிறார்கள். கணவர், "உனக்கு எதற்கு இந்த வீண் வேலை" என்கிறார். இரண்டுமே எனக்கு உதவவில்லை. இங்கே அனுபவப்பட்டவர்கள் இருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

#2 தவம்

குழுவில் சொன்னது சரிதான். இது எல்லோருக்கும் வருவது. பயந்து எழுந்தால் பயம் ஜெயித்துவிடும். தொடருங்கள்.

#3 மருதம்

நொய்யல், தியானத்தைச் சற்று ஓரமாக வையுங்கள். நெஞ்சு இறுக்கம் என்றால் முதலில் பொது மருத்துவர். இசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு. இவற்றைப் பார்க்காமல் "எல்லாம் மனசுதான்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பெண்கள் படபடப்பு என்று போனால் அப்படிச் சொல்லி அனுப்பிவிடுவது நம் ஊரில் வழக்கமாகவே இருக்கிறது.

அவை சரியாக இருந்தால் நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பழக்கமான படம். மருத்துவ உளவியல் என் தொழில். எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிக் குழுக்கள் நடத்துகிறேன். ஒவ்வொரு குழுவிலும் மூச்சோடு மல்லுக்கட்டுகிறவர் யாராவது இருப்பார். மூச்சு தானாகவும் நடக்கும், நாம் நினைத்தாலும் நடக்கும். அதையே உற்றுக் கவனிக்கும்போது சிலர் தம்மை அறியாமல் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிடுகிறார்கள். கொஞ்சம் ஆழமாக, கொஞ்சம் வேகமாக இழுக்கிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பு, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, தலைச்சுற்றல், காற்றுப் போதவில்லை என்ற எண்ணம் எல்லாம் அதனால் வருபவை. போதவில்லை என்று இன்னும் இழுப்பீர்கள், அது இன்னும் குறையும். பதற்றம் உள்ள ஒருவரை மூச்சின் முன் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தால் அமைதி வரும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்கு ஓய்வே பதற்றத்தைக் கிளப்பும். இதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள்.

கை அந்நியமாகத் தெரிந்தது தன்னிலிருந்து தான் விலகி நிற்கும் ஓர் உணர்வு. தூக்கம் கெட்டவர்களுக்கும் கடும் பதற்றத்தில் இருப்பவர்களுக்கும் தியானமே செய்யாவிட்டாலும் வரும். புத்தி பேதலிப்பதன் அடையாளம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அது அலுவலக மேசைவரை வந்துவிட்டது என்றால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

இப்போதைக்குக் கண்ணை மூடி உட்காருவதை முழுவதுமாக நிறுத்துங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், மாலையில் ஒரு நடை. அந்த விலகல் உணர்வு அடங்கிய பிறகு, விருப்பம் இருந்தால் மட்டும், ஐந்து நிமிடம். நாற்காலியில், கண் திறந்தபடி. மூச்சு வேண்டாம். உள்ளங்கால் தரையைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். சிமெண்டுத் தரையாக இருந்தால் நல்லது, குளிர்ச்சி தெரியும். குதிகாலில் எவ்வளவு பாரம், விரல்களில் எவ்வளவு, இடது காலுக்கும் வலது காலுக்கும் வேறுபாடு உண்டா, அவ்வளவுதான். கவனம் ஓடினால் அறையில் இருக்கும் சத்தத்துக்குப் போங்கள். மின்விசிறி, குக்கர், தெருவில் பால்காரர் வண்டி. படபடப்பு தலைகாட்டினால் எழுந்து முகம் கழுவிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நடுவில் எழுந்துகொள்வதும் பயிற்சியில் அடக்கம்தான்.

#4 சந்தேகப்பிராணி

ஆக, வியாதியும் அதுவே, மருந்தும் அதுவே. நிறுவனங்கள் ஆளைக் குறைத்துவிட்டு, மிச்சமிருக்கிறவர்களுக்குத் தியான வகுப்பு நடத்துகின்றன. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தி, 2022இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான பாடத்தைவிட இந்த வகுப்பால் மனநலம் கூடவில்லை. ஏற்கெனவே சிரமத்தில் இருந்த பிள்ளைகளில் சிலருக்குச் சற்று மோசமாகவும் போனது. அது தெரிந்தும் ஏன் விற்கிறீர்கள்?

#5 மருதம்

விற்கவில்லை ஐயா, அரசுச் சம்பளம். அந்த ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கேட்காத பிள்ளைக்கு வகுப்பறையில் வைத்துத் திணித்தால் அப்படித்தான் ஆகும் என்பது என் எண்ணம். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவும் இல்லை.

யாருக்கு, எதற்கு என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறும். 1979இல் ஜான் கபாட்-ஜின் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது, வேறு வைத்தியத்தில் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக. எட்டு வாரம், வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். நொய்யல் பார்த்த 45 நிமிடத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே வகுப்பில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், சேருவதற்கு முன் ஆளோடு பேசிப் பார்ப்பார்கள். செயலி அந்த நிமிடக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியரை விட்டுவிட்டது.

பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக இதை மாற்றி அமைத்தார்கள். 2000இல் வந்த அவர்களுடைய முதல் பெரிய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஒரே பயிற்சிதான், ஒரே நோய்தான். அதற்குள்ளேயே இத்தனை வேறுபாடு. "தியானம் நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

பாதகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020இல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தியானப் பயிற்சியில் பாதக அனுபவம் கண்டவர்கள் சுமார் 8 சதவீதம். அதிகம் பேசப்பட்டவை பதற்றமும் மனச்சோர்வும். உளவியல் சிகிச்சை எதிலும் ஒரு பங்கு பேருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. அதனால் இது பேயும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்யவைக்க வேண்டும், சொல்லாததுதான் குறை.

#6 மணிமேடை

நொய்யல் அம்மா, நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். விபசனைத் தியான ஆசிரியர் கோயங்காவின் வழியில் பத்து நாள் முகாம்கள் பல இருந்திருக்கிறேன், தொண்டும் செய்திருக்கிறேன். அந்த "அழுக்கு வெளியே வருகிறது" பேச்சு எங்கள் பக்கத்துச் சரக்கு என்பதால் நானே பதில் சொல்ல வேண்டும்.

முகாமில் அதிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். இரவு 9 மணிக்கு மேல்தான் படுக்கை. பேச்சு கிடையாது, படிக்கவும் எழுதவும் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கின் கீழே மூச்சு படும் சிறிய இடம் மட்டும். நான்காம் நாள் விபசனை தொடங்குகிறது: தலை முதல் கால்வரை உடம்பின் உணர்ச்சிகளை வரிசையாகப் பார்த்துப் போவது. அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். அப்போது முட்டி வலி உயிர் போகும். பழைய சங்காரங்கள் (மனத்தில் படிந்த பதிவுகள்) மேலே வந்து கரைகின்றன, எதிர்வினை காட்டாமல் பாருங்கள் என்பார்கள். வலிக்கு அது நல்ல பாடம். வலியைவிட "ஐயோ, வலிக்கிறதே" என்ற புலம்பல்தான் ஆளைப் பாதி கொல்கிறது என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஆனால் அந்தப் பாடம், நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, தன்னிலையில் இருக்கிறவருக்கானது. விண்ணப்பப் படிவத்திலேயே மனநோய் உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது சும்மா இல்லை. பலர் மறைத்துவிட்டு வருகிறார்கள். இன்னொரு விஷயம்: கோயங்காவே முதலில் தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்தாகத்தான் இதைத் தேடிப் போனார். தலைவலி தீர்க்க என்று வந்தால் சொல்லித் தர மாட்டேன் என்று அவருடைய ஆசிரியர் ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். இன்று மருந்து என்று சொல்லித்தான் எல்லாரும் அழைக்கிறார்கள்.

பழைய நூலிலும் எச்சரிக்கை இருக்கிறது. வைசாலியில் உடம்பின் அருவருப்பை நினைக்கும் தியானத்தைப் புத்தர் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தனிமைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் துறவிகள் கூட்டம் மெலிந்திருந்தது. தம் உடம்பை வெறுத்துப் பலர் உயிரை விட்டிருந்தார்கள். அதன் பிறகு மிஞ்சியவர்களுக்கு அவர் வேறு பயிற்சி கொடுத்தார், மூச்சுத் தியானம். இது சம்யுத்த நிகாயம், விநயம் என்ற பழைய பௌத்த நூல்களில் இருக்கிறது. "அழுக்கு போகிறது, விடாதே" என்று அவர் சொல்லவில்லை. பயிற்சியை மாற்றினார்.

#7 தவம்

மணிமேடை ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். ஒவ்வொரு சங்கடத்துக்கும் எழுந்து முகம் கழுவப் போனால் யார்தான் எதைக் கற்றுக்கொள்வார்கள்? நானும் நெஞ்சுப் படபடப்போடு உட்கார்ந்திருக்கிறேன். அதைத் தாண்டிய பிறகுதான் படபடப்பு ஓர் உணர்ச்சி மட்டுமே என்று தெரிந்தது. இப்போது மேடையில் பேசும்போது வந்தாலும் பயமில்லை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் பாதியிலேயே இறக்கிவிடுகிறீர்கள். ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்துகொண்டு தரையைப் பார்ப்பதற்குத் தியானம் எதற்கு?

#8 மணிமேடை

நல்ல கேள்வி தம்பி. தாண்டியவர்கள் உண்டு, நீங்கள் அதில் ஒருவர். தாண்டாதவர்கள் இந்த மாதிரி இடங்களுக்கு வந்து எழுதுவதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தொண்டு செய்தபோது பார்த்துக்கொண்டது இது. உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுந்த பிறகு என்ன என்று பார்ப்பேன். மணி அடித்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் காலையில் அழுதிருந்தாலும் பரவாயில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறாரா, இரவெல்லாம் விழித்திருந்தும் களைப்பே இல்லை என்கிறாரா, தனக்கு மட்டும் ஏதோ செய்தி வருகிறது என்கிறாரா? உடனே ஆசிரியரிடம் சொல்லிப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும், வீட்டுக்கும் தகவல் போக வேண்டும். அந்த நிலையில் இருப்பவரிடம் போய் விடாமுயற்சி பற்றிப் பேசுவது பாவம்.

இந்த அம்மாவுக்குப் படபடப்பு பாயோடு நிற்கவில்லை. விலைப்பட்டியல்வரை வந்திருக்கிறது. உங்களுக்கு அப்படி வந்ததா?

#9 தவம்

இல்லை. எழுந்ததும் போய்விடும். அந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து நிமிடம் என்பதோடு அவரை நிரந்தரமாகக் கட்டிப்போடாதீர்கள்.

#10 மருதம்

யாரும் கட்டவில்லை. தவம் சொல்வதில் ஒரு பாதி உண்மை: பதற்றம் வந்தவுடன் ஓடுவதே பழக்கமானால் பதற்றம் வளரும். அதனால்தான் பதற்றத்துக்கான சிகிச்சையில் நாங்களும் அதை எதிர்கொள்ளச் சொல்கிறோம். ஆனால் படிப்படியாக, ஆள் தாங்கும் எல்லைக்குள், பக்கத்தில் ஒருவர் இருக்க.

பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டனும் ஜாரெட் லிண்டாலும் தியானத்தில் சிரமப்பட்டவர்களை நீண்ட பேட்டி எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். 59 வகை அனுபவங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்: பயம், தூக்கமின்மை, உணர்ச்சி மரத்துப்போவது, சத்தமும் வெளிச்சமும் தாங்காமல் போவது, "நான்" என்பதே கரைந்தாற்போல ஆவது. பேட்டி கொடுத்தவர்களில் தியான ஆசிரியர்களும் இருந்தார்கள். தவறாகச் செய்ததால்தான் வந்தது என்று யாரையும் ஒதுக்க முடியாது.

#11 நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனை செய்துவிட்டேன். இதயம் சரியாக இருக்கிறது. ரத்தசோகை இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீண்ட உட்காரலை நிறுத்தியதும் கை அந்நியமாகத் தோன்றுவது நின்றுவிட்டது. மருதம் சொன்ன கால் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். சிமெண்டுத் தரைதான்.

இப்போது வேறு சந்தேகம். செயலி எண்ணங்களை மேகம் என்கிறது, ஆறு என்கிறது, ரயில் என்கிறது. எனக்கு உவமை வேண்டாம். "அந்தக் கணக்கில் தப்பு செய்திருப்பேன், நாளை மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறார்" என்று ஓர் எண்ணம் வருகிறது. விரட்டினால் இரண்டாகத் திரும்பி வருகிறது. விட்டால் ஒரு மணி நேரம் நாடகம் நடத்துகிறது. நடைமுறையில் அதை என்ன செய்வது?

#12 மருதம்

குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொன்னதைத்தான் 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். அங்கே குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டே இருந்தது. தடையை நீக்கிய பிறகு, முதலிலிருந்தே தாராளமாக நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிடவும் அதிகமாக வந்தது. ஆகவே விரட்டுவது வேலைக்கு ஆகாது.

நாடகம் பார்க்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் எழுதிய எண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். "தப்பு செய்திருப்பேன்." இந்த நிமிடம் அது உங்களுக்குச் செய்தியாக வருகிறது, அறையில் தீப்பிடித்துவிட்டது என்று யாரோ சொன்ன மாதிரி. இதன் முன்னால் சில சொற்களைச் சேருங்கள்: "தப்பு செய்திருப்பேன் என்று ஓர் எண்ணம் வந்திருக்கிறது." மனத்துக்குள் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பிறகு, "தப்பு செய்திருப்பேன் என்று ஓர் எண்ணம் வந்திருப்பதைக் கவனிக்கிறேன்." எண்ணம் போகாது. போக வேண்டியதும் இல்லை. அதற்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் கிடைக்கும்.

அடுத்து, எண்ணத்தோடு கூட உடம்பில் என்ன வந்தது என்று பாருங்கள். தாடை இறுகியதா, வயிறு சுருண்டதா, தோள் காதருகே ஏறியதா? அங்கே சில நொடிகள். பிறகு மறுபடி உள்ளங்கால். மேலாளர் திரும்பி வருவார். வந்தால், "நாளைய கூட்டம் வந்திருக்கிறது" என்று பெயர் சொல்லிவிட்டு மறுபடி உள்ளங்கால். பர்மாவின் தியான ஆசிரியர் மஹாசி சயதாவ் வழியிலும் எழுவதை எல்லாம் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். ஒன்று மட்டும்: பெயரைத் திட்டுகிற தொனியில் சொல்லாதீர்கள். "மறுபடியும் வந்துவிட்டாயா சனியனே" என்பது பெயரிடுதல் ஆகாது.

சிலருக்கு இதைவிட ஒரு விளையாட்டு நன்றாக வேலை செய்யும். உங்களை உறுத்தும் சொல் ஒன்றை, "தோல்வி" என்று வைத்துக்கொள்வோம், அரை நிமிடம் நிறுத்தாமல், வேகமாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் அது நாக்கு புரளும் சத்தம் ஆகிவிடும். ஸ்டீவன் ஹேய்ஸின் ஏற்பு-உறுதிச் சிகிச்சை (ACT) என்ற உளவியல் சிகிச்சையில் "பால், பால், பால்" என்று தொடங்கி இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள், இல்லையென்றால் வீடு முழுக்கத் தோல்வி தோல்வி என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள்.

#13 சந்தேகப்பிராணி

மேலாளர் உண்மையிலேயே மோசமானவராக இருந்தால்? சம்பளத்தைப் பிடித்தால்? "சம்பளம் பிடித்தார் என்று ஓர் எண்ணம் வந்திருக்கிறது" என்று கவனித்துக்கொண்டே இருப்பதா? நான் இந்த வியாபாரத்தை வெறுப்பதற்கு இதுதான் காரணம். கோபப்பட வேண்டிய இடத்தில் ஆளைச் சாந்தமாக்குகிறது.

#14 நொய்யல்

சந்தேகப்பிராணி அண்ணா, இதற்கு நானே சொல்கிறேன். அந்த எண்ணத்துக்குப் பெயர் வைத்த பிறகுதான் அதில் இரண்டு விஷயம் கலந்து கிடப்பது தெரிந்தது. கணக்கில் தப்பு இருக்கிறதா என்பது ஒன்று. அதைக் கோப்பைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், பார்த்தேன், வரி விகிதம் ஓர் இடத்தில் பழையதாக இருந்தது, மாற்றினேன். எல்லார் முன்னாலும் கேட்பார் என்பது இன்னொன்று. அவர் அப்படிக் கேட்கிறவர்தான். அதைத் தியானத்தால் தீர்க்க முடியாது. தனியாகப் போய், தவறு இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள் என்று கேட்டேன். முகம் சுளித்தார். ஆனாலும் கேட்டுவிட்டேன். முன்பு போல இரவெல்லாம் மனத்துக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் காலையில் வாய் திறந்திருக்க மாட்டேன்.

#15 மணிமேடை

எல்லா எண்ணத்தையும் சும்மா பார்த்துக்கொண்டிரு என்று பழைய ஆட்களும் சொல்லவில்லை. மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூலின் 20ஆம் சூத்திரத்தில் தொல்லை தரும் எண்ணத்துக்கு ஐந்து வழி இருக்கிறது. வேறு நல்ல எண்ணத்தை அதன் இடத்தில் வை. அதனால் வரும் கேட்டை யோசித்துப் பார். பாராமல் விடு. அது எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்து அதன் வேகத்தைத் தணி. எதுவுமே நடக்காவிட்டால் பல்லைக் கடித்து அடக்கு. பல்லைக் கடிப்பது கடைசியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

#16 மட்டுநகரான்

இழையை முதலிலிருந்து வாசித்தேன். மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். போர்க்காலத்தில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன். யாரும் சொல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மேலாளர் திட்டுவார் என்பது எண்ணம். ஷெல் விழுந்த இரவு அப்படி இல்லை. அது மணத்தோடும் சத்தத்தோடும், இப்போது நடப்பதாகவே வரும். அதை "ஓர் எண்ணம் வந்திருக்கிறது" என்று தள்ளி நின்று பார்க்கச் சொல்வது கொடுமை. கண்ணை மூடுங்கள், உடம்புக்குள் கவனியுங்கள் என்று நல்ல மனத்தோடு சொன்ன பயிற்சியாளர்கள் எங்கள் பக்கமும் வந்தார்கள். சில அம்மாமார் கண்ணை மூட மறுத்துவிட்டார்கள். அவர்களிடம்தான் சரியான அறிவு இருந்தது. கண்ணை மூடினால் யார் வாசலைப் பார்ப்பது?

நாங்கள் செய்தது வேறு. கதவு தெரியும்படி உட்காருவோம். கண் திறந்திருக்கும். வயிற்றையும் நெஞ்சையும் கவனிக்கச் சொல்வதில்லை. கையில் இருக்கும் பொருளைக் கவனிக்கலாம், பனையோலையின் விளிம்பு, தேத்தண்ணீர்க் கோப்பையின் சூடு. ஓலை பின்னிக்கொண்டே பேசுவோம். பழைய இரவு வந்துவிட்டால் இன்று என்ன கிழமை, இங்கே யார் இருக்கிறார்கள், என்ன நிறச் சேலை கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டு ஆளை இந்த இடத்துக்குக் கொண்டுவருவோம். நினைவைத் தொடுவது அதற்கென்று பயின்ற ஒருவரோடு, பிறகு.

போர்தான் வேண்டும் என்றில்லை. வீட்டுக்குள் அடி வாங்கியவர்களுக்கும், விபத்தில் சிக்கியவர்களுக்கும், சின்ன வயதில் யாராலோ சீண்டப்பட்டவர்களுக்கும் இதே நியாயம்தான். இலங்கையில் இருப்பவர்கள் 1926 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்துடையது.

#17 வைகறை

இந்துக்களின் தியானத்தைப் பௌத்தர்கள் எடுத்து, வெள்ளைக்காரர்கள் அதைத் திருடி நமக்கே திருப்பி விற்கிறார்கள் என்பதை யாரும் பேச மாட்டீர்களா?

#18 நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே நாற்பது பக்கம் ஓடியிருக்கிறது. வைகறையின் பதிவுக்கு வந்த பதில்களை அங்கே மாற்றிவிட்டேன். இங்கே பாதுகாப்பாகப் பயில்வது பற்றி மட்டும்.

#19 கல்லணை

என் தம்பிக்கு இருதுருவ மனநோய். லித்தியம் சாப்பிடுகிறான், இப்போது நிலையாக இருக்கிறான். பத்து நாள் முகாமுக்குப் போய் வந்தால் மாத்திரையே தேவைப்படாது என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரே பிடிவாதம். மாத்திரையை அவனாகவே பாதியாகக் குறைத்திருக்கிறான் என்று நேற்றுத்தான் அம்மா கண்டுபிடித்தார். என்ன செய்வது?

#20 மருதம்

கல்லணை, இதை இன்றே செய்யுங்கள், முகாம் பேச்சை விடுங்கள். குறைத்துவிட்டான் என்பதை அவனுடைய மனநல மருத்துவருக்குத் தெரிவியுங்கள். லித்தியத்தைத் திடீரென்று குறைத்தால் நோய் வேகமாகத் திரும்பும். மறுபடி எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவர்தான் ரத்தத்தில் அளவு பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்களாக இரட்டிப்பாகக் கொடுத்து ஈடுகட்டாதீர்கள், அது நஞ்சாகிவிடும்.

முகாம் அவனுக்கு ஏன் ஆகாது என்றால், தூக்கம் குறைவது அவனுடைய நோயைக் கிளப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்று. விடிகாலை 4 மணிக்கு எழுவது, நாள் முழுவதும் மௌனம், வெளியாட்கள் யாரையும் பார்க்க முடியாதது, உணர்ச்சிக் கொந்தளிப்பு எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் அது. சாப்பாடும் தண்ணீரும் குறைந்தால் உடம்பு வறண்டு லித்தியத்தின் அளவு ரத்தத்தில் ஏறவும் கூடும். சித்தப்பிரமை வந்து தேறியவர்களுக்கும், தற்கொலை எண்ணம் இருப்பவர்களுக்கும், குடியை இப்போதுதான் நிறுத்தியவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

தியானமே கூடாது என்று அவனிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் திருட்டுத்தனமாகப் போவான். மருத்துவருக்குத் தெரிந்து, பத்து நிமிடத்துக்குள், பகலில், நடந்துகொண்டே செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

#21 மணிமேடை

கல்லணை தம்பி, ஒன்று சேர்க்கிறேன். அவன் விண்ணப்பம் போட்டுவிட்டான் என்றால் படிவத்தில் லித்தியம் பற்றி எழுதினானா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அவர்களே கேள்வி கேட்பார்கள், பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். எழுதவில்லை என்றால் முகாமுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். காட்டிக்கொடுத்தாய் என்று கோபப்படுவான், படட்டும்.

#22 கல்லணை

மருத்துவரிடம் பேசிவிட்டேன். நாளை மறுநாள் ரத்தம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். படிவத்தில் மருந்து பற்றி எதுவும் எழுதவில்லை. முகாமுக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன், விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தம்பி என்னோடு பேசுவதில்லை. உறவினருக்கு யார் சொல்வது என்று வீட்டில் இப்போது பஞ்சாயத்து நடக்கிறது. நள்ளிரவில் ஏதாவது என்றால் யாரை அழைப்பது?

#23 மருதம்

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஆள் தூங்காமல், அளவுக்கு மீறிப் பேசிக்கொண்டு, கட்டுக்கு மீறினால் தொலைபேசியோடு நிற்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே அழைத்துப் போங்கள், மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உறவினரிடம் அம்மா பேசட்டும்.